ஃபாரின் கீ எரர் வந்தா செக்கை ஆஃப் பண்ணாதீங்க: டேட்டாபேஸ் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பிரைமரி கீ, ஃபாரின் கீ பத்திதான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த தடவைக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். புதுசா வர்றவங்களுக்கு: காலம்னா இங்க நேரம் இல்ல, டேபிளோட column; ரோன்னா ஒரு வரி. ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டறது பிரைமரி கீ, இன்னொரு டேபிளோட கீயைச் சுட்டறது ஃபாரின் கீ. சுட்டற டேபிள் சைல்டு, சுட்டப்படற டேபிள் பேரன்ட். எப்பவும் சொல்றதைத் திரும்பவும் சொல்றேன், எரர் நம்பரோட முழு மெசேஜையும் காப்பி பண்ணி அனுப்புங்க, எந்த டேட்டாபேஸ் எந்த வெர்ஷன்னு எழுதுங்க, ரெண்டு டேபிளோட கிரியேட் ஸ்டேட்மென்ட்டையும் சேத்து அனுப்புங்க. இன்னொண்ணு, கீழ சொல்ற எதை செய்யறதுக்கு முன்னாடியும் பேக்கப் எடுத்துடுங்க. எடுத்த பேக்கப்பை வேற இடத்துல ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணியும் பாத்துடுங்க.

கேள்வி: மைஎஸ்க்யூஎல். ஆர்டர் டேபிள்ல இன்சர்ட் பண்ணா 1452 வருது. ஆனா அந்த கஸ்டமர் ஐடி கஸ்டமர் டேபிள்ல இருக்கு, என் கண்ணால பாத்தேன்.

1452ன்னா நீங்க குடுத்த ஐடி பேரன்ட் டேபிள்ல இல்லன்னு அர்த்தம். நீங்க பாத்த டேபிளும் ஃபாரின் கீ பாக்கற டேபிளும் ஒண்ணுதானான்னு முதல்ல பாருங்க. நீங்க அனுப்பின கிரியேட் ஸ்டேட்மென்ட்ல (இதை அனுப்பினதுக்கு நன்றி, பத்துல ஒருத்தர்தான் அனுப்பறாங்க) ரெஃபரன்சஸ்ங்கற வார்த்தைக்கு அப்புறம் கஸ்டமர் இல்ல, கஸ்டமர்_ஓல்டுன்னு இருக்கு. என்ன நடந்திருக்கும்னா, யாரோ பழைய டேபிளுக்கு ஓல்டுன்னு பேர் மாத்தி வெச்சுட்டு அதே பேர்ல புதுசா ஒண்ணு கிரியேட் பண்ணியிருக்காங்க. பேரை மாத்தினா இன்னோடிபில (மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் என்ஜின்) ஃபாரின் கீயும் பழைய டேபிள் பின்னாடியே போயிடும், புது டேபிள் பக்கம் திரும்பாது. அந்த கன்ஸ்ட்ரெய்ன்ட்டை, அதாவது ஃபாரின் கீ விதியை, ட்ராப் பண்ணிட்டு புது டேபிளுக்கு ஆட் பண்ணுங்க, சரியாயிடும்.

இதே எரர் வர்ற மத்தவங்களுக்கு ஒண்ணு. ஃபார்ம்ல கஸ்டமரை செலக்ட் பண்ணாம சேவ் குடுத்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. பிஹெச்பி கோடு வெத்து ஸ்ட்ரிங்கை இன்டிஜரா மாத்தினா 0ன்னுதான் வரும், நல்-னு (null, மதிப்பே இல்லங்கறது) போகாது. 0ங்கற ஐடில கஸ்டமர் கிடையாது, உடனே 1452.

கேள்வி: ஒரு டேபிளுக்கு ரெண்டு பிரைமரி கீ வெக்கலாமா?

முடியாது. ரெண்டு காலம் சேந்து ஒரே பிரைமரி கீயா இருக்கலாம், அதுதான் காம்போசிட். இன்னொண்ணு தனியா யூனிக்கா இருக்கணும்னா யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் நாட் நல்லும் போடுங்க.

கேள்வி: லாராவெல் மைக்ரேஷன் ஓட்டினா எர்நோ 150னு வருது. ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன்.

அது ஸ்கிரீன்ஷாட் இல்ல தம்பி, மானிட்டரை மொபைல்ல போட்டோ எடுத்தது, பாதி எழுத்து டியூப்லைட் வெளிச்சத்துல காணோம். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். எர்நோ 150ன்னா ஃபாரின் கீயைப் போட முடியலன்னு அர்த்தம். லாராவெல்ங்கறது பிஹெச்பி ஃப்ரேம்வொர்க், டேபிளை கோடு வழியா கிரியேட் பண்றதுதான் அதுல மைக்ரேஷன். பழைய ப்ராஜெக்ட்டை 5.8க்கு மேல கொண்டு வந்திருப்பீங்க. 5.8ல இருந்து புது மைக்ரேஷன் ஃபைல்ல ஐடி காலம் பிக்இன்க்ரிமென்ட்ஸா வருது, அதாவது பிக்இன்ட் அன்சைன்டு. உங்க சைல்டு டேபிள்ல இன்னமும் சாதா அன்சைன்டு இன்டிஜர்தான். ரெண்டு பக்கமும் டைப் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இன்ட்டுக்கு இன்ட், பிக்இன்ட்டுக்கு பிக்இன்ட், அன்சைன்டுக்கு அன்சைன்டு. ஸ்ட்ரிங் காலமா இருந்தா கேரக்டர் செட்டும் கொலேஷனும் கூட ஒண்ணா இருக்கணும், பழைய டேபிள் யூடிஎஃப்8ல இருந்து புதுசு யூடிஎஃப்8எம்பி4ல இருந்தா ஒத்துக்காது. மைஎஸ்க்யூஎல் 8ல இதுக்கு 3780னு தனி எரர் வருது, எந்த காலம் எந்த காலத்தோட ஒத்துப்போகலன்னு பேரோட சொல்லும். பழைய வெர்ஷன்ல மொட்டையா 1215 மட்டும் வந்தா, ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் போட்டு லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்ங்கற பகுதியைப் படிங்க, காரணம் அங்க எழுதியிருக்கும். டேபிள் கிரியேட் ஆகற வரிசையையும் பாருங்க, பேரன்ட் முதல்ல வரணும்.

கேள்வி: ஃபாரின் கீ காலம்ல நல் போகலாமா?

போகலாம், நாட் நல் போடாத வரைக்கும். நல் இருந்தா செக் நடக்காது. காம்போசிட்டா இருந்தா அதுல ஒரு காலம் நல்-ஆ (null) இருந்தாலே மொத்தமும் செக் ஆகாம விட்டுடும், அதைக் கவனிங்க.

கேள்வி: டேட்டா இம்போர்ட் பண்ணும்போது ஃபாரின் கீ எரர் நிறைய வந்துச்சு. ஃபாரின் கீ செக்ஸை (foreign_key_checks) 0ன்னு செட் பண்ணி உள்ள ஏத்திட்டு திரும்ப 1 ஆக்கிட்டேன். இப்போ எரர் இல்ல. இது சரிதானே?

சரியில்ல. இந்தக் கேள்வி மாசத்துக்கு நாலு தடவையாவது வருது, வர்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

திரும்ப 1 ஆக்கினா மைஎஸ்க்யூஎல் உள்ள இருக்கற பழைய ரோவையெல்லாம் ஒருக்கா செக் பண்ணிக்கும்னு நினைக்கறீங்க. பண்ணாது. 0வா இருந்த நேரத்துல உள்ள போனது அப்படியே கிடக்கும், இனிமே வர்றதை மட்டும்தான் பாக்கும். எரர் நின்னு போச்சு, தப்பான டேட்டா உள்ளயே இருக்கு. முன்னாடி எந்த ரோ தப்புன்னு எரர் உங்களுக்குக் காட்டிட்டு இருந்துச்சு, இப்போ நீங்களே தேடணும்.

இதுனால என்ன ஆகும்னு நான் நேர்ல பாத்தது ஒண்ணு. ஒரு கடை, பில்லிங் சாஃப்ட்வேர், மைஎஸ்க்யூஎல் 5.7. முன்னாடி வேலை பாத்தவர் கஸ்டமரை டெலிட் பண்ணா 1451 வருதுன்னு, டெலிட் பண்ற கோடுக்கு மேலயே செக்கை ஆஃப் பண்ற வரியைச் சேத்து விட்டுட்டாரு. கஸ்டமர் ரோ போச்சு, பில்லுங்க அப்படியே நின்னுச்சு. ரிப்போர்ட் எல்லாம் இன்னர் ஜாயின் (ரெண்டு டேபிள்லயும் பொருந்தற ரோ மட்டும் வரும்), அதனால ஆள் இல்லாத பில் ரிப்போர்ட்ல வராது, மொத்தத் தொகை மட்டும் கேஷ் புக்கோட ஒத்துப்போகாது. அதோட போயிருந்தாக்கூட பரவால்ல. 5.7 வரைக்கும் ஆட்டோ இன்க்ரிமென்ட் (ஐடியைத் தானா குடுக்கறது) கவுன்ட்டர் மெமரிலதான் இருக்கும், சர்வர் ரீஸ்டார்ட் ஆனா டேபிள்ல இருக்கற பெரிய ஐடியைப் பாத்து அதுக்கு அடுத்த நம்பர்ல இருந்து ஆரம்பிக்கும் (8.0ல இதை மாத்திட்டாங்க). ஒரு நாள் சாயங்காலம் கடைசி ஐடி கஸ்டமரை டெலிட் பண்ணாங்க, ராத்திரி கரன்ட் போய் சர்வர் ரீஸ்டார்ட் ஆச்சு, காலைல புதுசா வந்த ஒரு அம்மாவுக்கு அதே ஐடி விழுந்துச்சு. முன்னப்பின்ன அந்தக் கடைக்கே வராதவங்க பேர்ல சுமார் 18,000 ரூபா பாக்கின்னு காட்டுது. கவுன்ட்டர்ல இருந்த பையன் அதை அவங்ககிட்ட கேட்டுட்டான், நாலு பேர் பாக்க. அவங்க முகம் சுருங்கினது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு பில்லா பழைய பேக்கப்போட ஒத்துப் பாத்தோம். 1451ங்கற எரர் ஆரம்பத்துலயே சொன்னது இதைத்தான், இந்த ஆள் பேர்ல பில் இருக்கு, அழிக்காதேன்னு. அங்க கஸ்டமரை டெலிட்டே பண்ணியிருக்கக் கூடாது, ஆக்டிவ் இல்லன்னு ஒரு காலம் வெச்சு மறைச்சிருந்தா போதும்.

மைஎஸ்க்யூஎல்டம்ப்ங்கற பேக்கப் டூல் எடுக்கற ஃபைல்லயே மேல செக்கை ஆஃப் பண்ற வரி இருக்கேன்னு சிலர் கேப்பீங்க. இருக்கு. டேபிளுங்க எந்த வரிசைல வந்தாலும் ரீஸ்டோர் ஆகணும்னு அது வெச்சிருக்கு, அது எடுத்தது ஏற்கெனவே சுத்தமா இருக்கற டேட்டா. நீங்க ஏத்தினது நாலு எக்செல் ஷீட்ல இருந்து வந்த டேட்டா, அதையும் இதையும் ஒண்ணா சேக்காதீங்க.

இப்போ செய்ய வேண்டியது. பேக்கப் எடுங்க. சைல்டு டேபிள்ல இருந்து பேரன்ட்டுக்கு லெஃப்ட் ஜாயின் போட்டு, சைல்டுல கஸ்டமர் ஐடி நல் இல்லாம, பேரன்ட் பக்கம் ஐடி நல்-னு வர்ற ரோவை மட்டும் எடுங்க. அதுதான் அப்பா அம்மா இல்லாத ரோ. எத்தனைன்னு எண்ணுங்க. ஒவ்வொண்ணும் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவங்ககிட்ட உக்காந்து கேளுங்க, விட்டுப்போன பேரன்ட்டை சேக்கணுமா, ஐடியைத் திருத்தணுமா, நல் ஆக்கணுமா, அழிக்கணுமான்னு முடிவு பண்ணுங்க. கணக்கு சம்பந்தப்பட்ட ரோவா இருந்தா அழிக்கறதை நீங்களா முடிவு பண்ணாதீங்க. எல்லாம் சரியானதும் ஃபாரின் கீயை ட்ராப் பண்ணிட்டு, செக் 1ல இருக்கும்போது திரும்ப ஆட் பண்ணுங்க, அப்போதான் மொத்த டேபிளையும் செக் பண்ணும். எஸ்க்யூஎல் சர்வர்ல நோசெக் போட்டு வெச்சவங்களுக்கும் இதேதான், திரும்ப ஆன் பண்ணும்போது வித் செக் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்னு செக்கை ரெண்டு தடவை எழுதணும், ஒரு தடவை எழுதினா பழைய ரோவைப் பாக்காமலே ஆன் ஆயிடும். போஸ்ட்கிரஸ்ல டேபிள் பெருசுன்னா நாட் வேலிட்னு ஆட் பண்ணி வெச்சுட்டு, டேட்டாவைச் சுத்தம் பண்ணின அப்புறம் வேலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஓட்டலாம்.

கேள்வி: எஸ்க்யூலைட்ல ஃபாரின் கீ போட்டிருக்கேன், ஆனா தப்பான ஐடியையும் ஏத்துக்குது.

எஸ்க்யூலைட்ல அது டிஃபால்ட்டா ஆஃப்லதான் இருக்கும். பிராக்மா ஃபாரின்_கீஸ் ஆன் போடணும், ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் போடணும். ஏற்கெனவே உள்ள போன தப்பைப் பாக்க பிராக்மா ஃபாரின்_கீ_செக் இருக்கு.

கேள்வி: போஸ்ட்கிரஸ். பழைய டேட்டாவை ஐடியோட காப்பி பண்ணேன். இப்போ புதுசா இன்சர்ட் பண்ணா டூப்ளிகேட் கீ, 23505. ரெண்டு மூணு தடவை ட்ரை பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் சொல்லுது.

ஐடியை நீங்களே குடுத்து ஏத்தினீங்க, சீக்வென்ஸுக்கு (ஐடி நம்பரைக் குடுக்கற கவுன்ட்டர்) அது தெரியாது, அது இன்னமும் 1, 2, 3ன்னு எடுத்துட்டு இருக்கு. செட்வேல் வெச்சு டேபிளோட மேக்ஸ் ஐடிக்குக் கொண்டு வாங்க. எரர் நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப இன்சர்ட் அடிச்சு ஓட்டிடலாம்னு கேட்டிருக்கீங்க, வேண்டாம்.

கேள்வி: ஊர் பேரையே பிரைமரி கீயா வெச்சிருக்கோம், தமிழ்ல. கோயம்புத்தூர்னு ரெண்டு டேபிள்லயும் இருக்கு, ஆனா ஃபாரின் கீ ஒத்துக்க மாட்டேங்குது. போஸ்ட்கிரஸ் 14.

நல்ல கேள்வி, முழு விவரத்தோட வந்த கேள்வி. அந்த ரெண்டு ஃபைல்லயும் முதல் எழுத்தை மட்டும் பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுல க-வுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒரே கோட் பாயின்ட்டா (யூனிகோட் நம்பர்) இருக்கு. இன்னொண்ணுல ஏகார இரட்டைக் கொம்பு தனியா, கால் தனியா, ரெண்டு கோட் பாயின்ட்டா இருக்கு. ஸ்கிரீன்ல ரெண்டும் "கோ"ன்னு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா போஸ்ட்கிரஸ் பைட்டைத்தான் பாக்குது, அதுக்கு ரெண்டும் வேற வேற ஊர். கொ, கௌ எழுத்துக்கும் இதே பிரச்சனை உண்டு. 13ல இருந்து நார்மலைஸ்னு, எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்தற ஃபங்ஷன் இருக்கு, அதைப் போட்டு ரெண்டு பக்கமும் அப்டேட் பண்ணுங்க, இனிமே உள்ள வர்றதையும் அது வழியா விடுங்க. ஆனா என்னைக் கேட்டா ஊர் பேரைக் கீயா வெக்காதீங்க. நாளைக்கு இன்னொருத்தர் கோவைன்னு எழுதுவாரு. ஐடி வெச்சு, பேரைத் தனி காலமா வைங்க.

மொபைல் நம்பரை பிரைமரி கீயா வெக்கலாமான்னு கேட்ட மூணு பேருக்கும் இதே பதில்தான். கட் ஆன நம்பரை ஒரு 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் குடுக்கறாங்க, அப்போ புது ஆளோட கணக்கு பழைய ஆள் மேல போய் உக்காரும். யூனிக் வேணும்னா தனியா போட்டுக்கோங்க, கீயா வேண்டாம்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர்ல ஆன் டெலிட் கேஸ்கேட் போட்டா 1785 வருது.

ஒரே டேபிளுக்கு கேஸ்கேட் (பேரன்ட்டை அழிச்சா சைல்டு ரோவும் தானா அழியறது) ரெண்டு வழியா வந்து சேருது, இல்ல சுத்தி வருது, எஸ்க்யூஎல் சர்வர் அதை ஏத்துக்காது. ஒரு வழிக்கு நோ ஆக்ஷன் போட்டுட்டு அதை ப்ரொசீஜர்லயோ ட்ரிகர்லயோ பாத்துக்கோங்க. கேஸ்கேட் தேவையான்னும் ஒரு தடவை யோசிங்க, பில் டேபிள் வரைக்கும் அது போகவே கூடாது.

கேள்வி: போஸ்ட்கிரஸ்ல பேரன்ட்ல ஒரே ஒரு ரோ டெலிட் பண்ண அரை நிமிஷம் ஆகுது.

சைல்டு பக்கம் ஃபாரின் கீ காலத்துக்கு இன்டெக்ஸ் இல்ல. மைஎஸ்க்யூஎல் தானா போட்டுக்கும், போஸ்ட்கிரஸ் போடாது, ஒவ்வொரு டெலிட்டுக்கும் சைல்டு டேபிள் முழுக்கத் தேடும். கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி போடுங்க.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட். 127 ஸ்டூடன்ட் வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் டூப்ளிகேட் என்ட்ரி 127ன்னு வருது. 127ஐ டெலிட் பண்ணா ஒண்ணு மட்டும் போகுது, திரும்ப அதே எரர்.

ஐடிக்கு டைனிஇன்ட் போட்டிருக்கீங்க, அதோட எல்லை 127. ரோவை டெலிட் பண்ணதை உடனே நிறுத்துங்கப்பா, அது ஒரு ஸ்டூடன்ட்டோட ரெக்கார்டு. இன்ட் ஆக்குங்க, 200 கோடிக்கு மேல போகும். மார்க் டேபிள்ல இருந்து ஃபாரின் கீ இருக்கறதால நேரடியா மாத்த விடாது, முதல்ல ஃபாரின் கீயை ட்ராப் பண்ணி, ரெண்டு டேபிள்லயும் டைப்பை மாத்தி, திரும்ப ஆட் பண்ணுங்க. செக்கை 0 ஆக்கிட்டு மாத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கேள்வி: நடுவுல ஐடி விட்டு விட்டு வருது, 41க்கு அப்புறம் 44. பில் நம்பர் தொடர்ச்சியா இருக்கணும்னு ஆடிட்டர் சொல்றாரு. எல்லாத்துக்கும் ஐடியை மாத்தி எழுதலாமா?

ஐடியைத் தொடாதீங்க. ரோல்பேக் (சேவ் ஆகாம கேன்சல்) ஆனாக்கூட ஆட்டோ இன்க்ரிமென்ட் நம்பர் போயிடும், அது திரும்ப வராது, அது அப்படித்தான் வேலை செய்யும். ஆடிட்டர் சொல்றதும் சரிதான், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் நம்பர் தொடர் வரிசைல, 16 எழுத்துக்கு மிகாம இருக்கணும். அதுக்கு பில் நம்பர்னு தனி காலம் வைங்க, யூனிக் போடுங்க. நம்பருக்குன்னு ஒரு சின்ன டேபிள் வெச்சு, பில் சேவ் ஆகற அதே டிரான்சாக்ஷன்ல அந்த ரோவை லாக் பண்ணி அடுத்த நம்பரை எடுங்க, பில் ரோல்பேக் ஆனா நம்பரும் சேந்து ரோல்பேக் ஆயிடும். ஏற்கெனவே ஐடியையே பில் நம்பரா அச்சடிச்சுக் குடுத்திருந்தா அந்தப் பழைய நம்பர் எதையும் மாத்தாதீங்க, கஸ்டமர் கைல இருக்கற பேப்பர்ல அந்த நம்பர்தான் இருக்கு. புது வரிசையை எந்தத் தேதில இருந்து ஆரம்பிக்கறதுன்னு ஆடிட்டரையே கேட்டுக்கோங்க.