பேட்ஸி கிளைனின் இசைத்தட்டுகள்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கண்ட்ரி பாடகி பேட்ஸி கிளைனைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்புதான் போட்டிருந்தோம்: 1932இல் வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டரில் பிறந்தவர், 1963 மார்ச் 5ஆம் நாள் டென்னசியில் விமான விபத்தில் இறந்தபோது வயது 30, 1973இல் கண்ட்ரி இசையின் புகழ் மன்றத்தில் தனிப் பாடகியாக இடம்பெற்ற முதல் பெண். அந்தச் சில வரிக்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதப் பக்கம் முழுவதும் அவற்றுக்குத்தான்.

தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா விட்டுச் சென்ற பெட்டியில் பேட்ஸி கிளைன் தட்டு இரண்டு இருக்கிறது. ஒன்றில் பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் துள்ள, குரலை உடைத்துப் பாடுகிறார். மற்றதில் பியானோ, கோரஸ், நிதானம். இரண்டும் ஒரே ஆள்தானா?
— வாசகி, சுங்கை சிப்புட்

ஒரே ஆள்தான் அம்மா. இடையில் மாறியது ஒப்பந்தம்.

1954இல் அவர் ஃபோர் ஸ்டார் என்ற சிறிய நிறுவனத்தோடு கையெழுத்திட்டார். அதன் முதலாளி பில் மெக்கால். எந்தப் பாட்டின் உரிமை ஃபோர் ஸ்டாரிடம் இருக்கிறதோ அந்தப் பாட்டை மட்டுமே பேட்ஸி பதிவு செய்யலாம் என்பது அதில் இருந்த நிபந்தனை. காரணம் காசுதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு தட்டிலும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். அந்தத் தொகையைப் பாட்டெழுதியவரும் பதிப்பாளரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். பாடகிக்குத் தரும் பங்கு வேறு கணக்கு. பாட்டும் தன்னுடையதாக இருந்தால் முதலாளிக்கு இரண்டு வழியில் வருமானம். அதுமட்டுமல்ல, தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் பாட்டெழுதியவர் பெயர் 'டபிள்யூ. எஸ். ஸ்டீவன்சன்' என்று இருக்கிறதா பாருங்கள். அது மெக்கால் வைத்துக்கொண்ட புனைபெயர். பிறர் எழுதிய பாட்டில் அந்தப் பெயரைச் சேர்த்து எழுத்தாளர் பங்கிலும் கை வைத்தார்.

ஒலிப்பதிவை டெக்கா நிறுவனம் வாடகைக்கு எடுத்து, முதலில் கோரல், பிறகு டெக்கா முத்திரையில் வெளியிட்டது. அதனால் வாத்தியக்காரர்களுக்குக் குறைவில்லை. கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் தேர்ந்த கைகள். பக்கத்தில் ஓவன் பிராட்லி என்ற அருமையான இசைத் தயாரிப்பாளர். பாட்டுதான் சரியாக அமையவில்லை. ஐம்பது பாட்டு அளவில் பதிவானதில் பெரிய வெற்றி ஒன்றே ஒன்று: 1956 நவம்பரில் பதிவான 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. 1957 ஜனவரி 21இல் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் அதைப் பாடினார். கண்ட்ரி இசையின் வெற்றிப் பட்டியலில் 2ஆம் இடம், எல்லா வகைப் பாட்டுக்குமான பொதுப் பட்டியலில் 12. அதன்பின் ஏறத்தாழ நாலு வருஷம் பேர் சொல்லும்படி ஒன்றுமில்லை.

1960இல் ஒப்பந்தம் முடிந்தது. டெக்காவோடு நேரடியாகச் சேர்ந்தார். இனி யார் எழுதிய பாட்டையும் எடுக்கலாம். அந்த நவம்பர் 16ஆம் நாளே ஹேங்க் காக்ரன், ஹார்லன் ஹவர்ட் இருவரும் எழுதிய 'ஐ ஃபால் டு பீசஸ்' பதிவானது; 1961இல் கண்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. கடைசி ஒலிப்பதிவு 1963 பிப்ரவரி. இன்று உலகம் கேட்கும் பேட்ஸி பெரும்பாலும் இந்த இரண்டேகால் வருஷத்துப் பேட்ஸிதான்.

ஓசை மாறியதற்குப் பிராட்லி காரணம். பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, ஃபிளாய்ட் கிரேமரின் பியானோவையும் ஜோர்டனேர்ஸ் என்ற நான்கு ஆண்களின் கோரஸையும் முன்னே கொண்டுவந்தார். கோரஸ் தன் குரலை அமுக்கிவிடும் என்று பேட்ஸி முதலில் பயந்தார். இரண்டாவது தட்டைப் போட்டு அடிநாதத்தை மட்டும் கவனியுங்கள். பாப் மூரின் நின்று வாசிக்கும் பெரிய பேஸ் 'தும்' என்கிறது. அதே சுரத்தை ஓவனின் தம்பி ஹெரால்ட் பிராட்லி ஆறு தந்தி பேஸ் கிட்டாரில், கம்பியைக் கையால் அமுக்கி, 'டிக்' என்று தட்டுகிறார். இதற்கு அவர்கள் வைத்த பெயரே 'டிக்-டாக் பேஸ்'. சிறிய ரேடியோவில்கூட அடிச்சுரம் தெளிவாகக் கேட்பது அதனால்தான்.

முதல் தட்டை ஒதுக்கிவிடாதீர்கள். பாட்டு சுமாராக இருந்தாலும் அந்தக் குரல் அதை எப்படித் தூக்கி நிறுத்துகிறது என்று கேட்க அதுதான் நல்ல இடம்.

என் தட்டில் டெக்கா இல்லை, பிரன்ஸ்விக் என்று இருக்கிறது. போலியா? ஒரே பாட்டு இரண்டு தட்டில் இரண்டு விதமாகவும் கேட்கிறது.
— வாசகர், சுங்கை சிப்புட்

போலி இல்லை ஐயா. பிரிட்டனில் டெக்கா என்ற பெயர் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். ஆகவே அமெரிக்க டெக்காவின் பாட்டுகள் அங்கே பிரன்ஸ்விக் முத்திரையில் வந்தன.

அமெரிக்க எல்பி (33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டு) என்றால் எண்ணைப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தபோது டெக்காவில் வந்தவை மூன்றே எல்பி: 1957இல் டிஎல் 8611, 1961இல் டிஎல் 4202, 1962இல் டிஎல் 4282. பின்னிரண்டும் ஸ்டீரியோவில் டிஎல் 74202, டிஎல் 74282. முன்னால் 7 நின்றால் ஸ்டீரியோ. எம்சிஏ என்று இருந்தால் பிற்கால மறுபதிப்பு. அமெரிக்காவில் 1973இல்தான் டெக்கா பெயர் எம்சிஏ ஆனது.

இரண்டு விதமாகக் கேட்பது 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' என்றே எடுத்துக்கொள்கிறோம். 1956இல் ஒரு முறையும், 4202 எல்பிக்காக 1961இல் மறுமுறையும் பாடினார். ஸ்டீல் கிட்டார் முன்னால் அழுதால் பழையது; ஜோர்டனேர்ஸ் கோரஸ் வந்தால் புதியது. 1967இல் வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பில் இருப்பது புதியது.

தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மலிவு விலைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்டார் காலத்துப் பாட்டுகளையே மாற்றி மாற்றி அடுக்கியவை. பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். அடுத்தது, 1985இல் அவர் வாழ்க்கையை வைத்து வந்த படத்தின் இசைத்தட்டு. அதில் குரல் மட்டும்தான் அவருடையது, வாத்தியம் எல்லாம் பிறகு சேர்த்தது.

அமெரிக்காவிலிருந்து அத்தை அனுப்பிய பழைய ரெக்கார்டு பிளேயர். 110 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறோம். பேட்ஸி ஆண்குரலில் பாடுகிறார்! தட்டு கெட்டுவிட்டதா?
— கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

தட்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50. பழைய பிளேயர்களின் ஏசி மோட்டார் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுற்றும். ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கிறது: நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28க்கும் குறைவு. சுருதி மூன்று அரைச்சுரத்தைவிடச் சற்று அதிகமாகவே இறங்கிவிடும்.

தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து, கைப்பேசியில் 3 நிமிடம் குறித்துக்கொண்டு எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் 100 சுற்று வரும். உங்களுக்கு 83 வந்தால் நாங்கள் சொன்னதுதான் காரணம். 90க்கு மேல் வந்து நூறை எட்டாவிட்டால் வேறு கோளாறு: பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் சக்கரம் இறுகி வழுக்கும்.

சரிசெய்ய, மோட்டார் தண்டில் உள்ள சின்னக் கப்பியை 50 ஹெர்ட்ஸ் கப்பியாக மாற்ற வேண்டும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். அந்த மாடலுக்கு உரியதே கிடைத்தால்தான் வாங்குங்கள். மோட்டார் தண்டில் டேப் சுற்றிப் பெரிதாக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சுற்று ஒரு சீராக இராது, நீண்ட சுரமெல்லாம் ஆடும். கப்பி கிடைக்காவிட்டால் டிசி மோட்டார் உள்ள பிளேயருக்கு மாறுவதே மேல். அதற்கு இந்தத் தொல்லையே இல்லை.

தட்டெல்லாம் பூஞ்சை பிடித்து வெள்ளையாக இருக்கிறது. எப்படிக் கழுவுவது?
— வாசகி, சுங்கை சிப்புட்

முதலில் தட்டு எது என்று பாருங்கள். 1955–57இல் வந்த பேட்ஸியின் சிறு தட்டுகள் 78 சுற்றிலும் வந்தன. அவை ஷெல்லாக், கனமாக இருக்கும், விழுந்தால் உடையும். ஷெல்லாக்கில் ஆல்கஹால் பட்டால் கரைந்து, ஊசி ஓடும் பள்ளம் அழிந்துபோகும். அதற்குக் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் மட்டும், அதுவும் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும்.

வளையும் வினைல் தட்டுக்கு: காய்ச்சி வடித்த நீர் 800 மில்லி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, பாத்திரச் சோப்பு 2 சொட்டு. கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினால் அது வெறும் நீர்தானா, அமிலம் கலந்ததா என்று பாட்டிலைப் படித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் அதிலுள்ள உப்பு பள்ளத்தில் தங்கி 'டிக் டிக்' என்று கேட்கும்.

வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் மேல்பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். பிறகு கரைசலை நடுத்தாளில் படாமல் விட்டு, பள்ளம் போகும் வழியே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்துக்குள் இறங்கிக் கீறும். இரண்டு நிமிடம் ஊறியதும் வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை. இந்த இரண்டாம் கழுவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு காய்ந்து ஊசியில் கம்பளி மாதிரி சேர்வது அதனால்தான். நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வினைல் நெளியும்.

பழைய உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதியது போடாவிட்டால் இரண்டே மாதத்தில் பூஞ்சை திரும்பிவிடும். வெளியட்டையை மட்டும் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எல்பி, 45 தட்டுக்கு ஓடும் ஊசி 78க்கு ஆகாது. 78இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசி 1 மில்லுக்குள். மோனோ தட்டை ஸ்டீரியோ பிளேயரில் போடும்போது பெருக்கியில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இரைச்சலில் நல்ல பங்கு அப்படியே அடங்கும்.

விலா வலியோடு 'கிரேஸி' பாடினார் என்கிறார்களே, உண்மையா? என் மகள் அந்தப் பாட்டை வீட்டில் பதிவு செய்ய ஆசைப்படுகிறாள்.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

உண்மைதான். 1961 ஜூன் 14இல் கார் விபத்தில் பலத்த காயம். ஆகஸ்ட் 21இல் ஊன்றுகோலோடு வந்து, வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி'யைப் பாட நின்றார். விலா வலியால் உச்ச சுரத்துக்கு மூச்சு எட்டவில்லை. மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிக்கும் நாஷ்வில்லில், அன்று ஒரே பாட்டோடு நான்கு மணி நேரம் போயிற்று, குரலும் கிடைக்கவில்லை. நல்லவேளை, வாத்தியத்தையும் குரலையும் தனித்தனியே பதியும் மூன்று தட வசதி ஓவன் பிராட்லியிடம் இருந்தது. வாத்தியத்தை முடித்து வைத்துக்கொண்டார். செப்டம்பர் 15இல் பேட்ஸி திரும்பி வந்து அதன்மேல் குரலைப் பதித்தார். கண்ட்ரி பட்டியலில் 2, பொதுப் பட்டியலில் 9.

உங்கள் மகளும் அதே வரிசையில் செய்யட்டும்: முதலில் பின்னிசை, பிறகு குரல், உடம்பு சரியில்லாத நாளில் குரல் வேண்டாம். பேட்ஸியின் குரல் தாழ்ந்த குரல். அவர் சுருதியிலேயே பாடினால் இளம்பெண்களுக்குக் கீழ்ச்சுரம் காற்றாகிவிடும். பாட்டின் ஆகத் தாழ்ந்த சுரத்தையும் ஆக உயர்ந்த சுரத்தையும் தனியே பாடிப் பார்த்து, இரண்டும் அடைபடாமல் வரும்வரை காராவோக்கே கருவியின் சுருதிப் பொத்தானை ஒவ்வோர் அழுத்தாக நகர்த்துங்கள். ஓர் அழுத்து ஓர் அரைச்சுரம்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர். உரக்கப் பாடும் இடத்தில் அளவுமானி −12 டெசிபலைத் தாண்டக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், மெத்தையைச் சுவரில் சாய்த்து அதை நோக்கிப் பாடச் சொல்லுங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை ஓய்ந்த பிறகுதான் வேலை. எதிரொலியைப் பதிவின்போது சேர்க்காதீர்கள், பின்னால் சேர்த்தால் குறைக்கவும் முடியும். வீட்டில் கேட்பதோடு நிறுத்தாமல் வெளியிடப் போகிறீர்கள் என்றால் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். அந்தப் பாட்டு இன்னும் காப்புரிமையில் இருக்கிறது.

மகன் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறான். ஒருவர் ஆல்பம் போட்டுத் தருகிறேன் என்று தாள் நீட்டுகிறார். பேட்ஸி மாதிரி மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பாட்டு ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. தாளில் இரண்டும் ஒரே வரியில் 'எல்லா உரிமையும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் ஒலிப்பதிவைக் கேட்பது நியாயம். மகன் எழுதிய பாட்டைக் கேட்டால் அதற்குத் தனி விலை, தனித் தாள். நம் 1987 காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆகவே கையெழுத்துப் போடாதவரை பாட்டு மகனுடையது. பாட்டின் உரிமை எழுதியவர் ஆயுளும் அதற்குமேல் 50 வருஷமும். ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 50 வருஷம். இத்தனை நீண்ட சொத்தை ஒரு மாலையில் எழுதிக்கொடுத்துவிடக் கூடாது.

அடுத்து, காலம். எத்தனை வருஷம், எத்தனை பாட்டு, இரண்டும் எண்ணில் இருக்க வேண்டும். 'நிறுவனம் விரும்பினால் நீட்டிக்கலாம்' என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். நீட்டிப்பு இருவரும் கையெழுத்திட்டால் மட்டும். வேறு யாருக்கும் பாடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குறிப்பிட்ட மாதத்துக்குள் அவர் பாட்டை வெளியிடாவிட்டால் அது தானாக விலக வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். ஸ்டுடியோச் செலவை மகன் பங்கிலிருந்து கழிப்பதாக இருந்தால் உச்ச வரம்பு ரிங்கிட்டில் எழுதப்பட வேண்டும்.

மகன் எழுதிய பாட்டை, தேதியோடு, மைஐபிஓ எனும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். கட்டாயமில்லை, ஆனால் வழக்கென்று வந்தால் கையில் சான்று இருக்கும். தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட ஒரு வாரம் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தைத் தர மறுப்பவரிடம் மகன் பாட வேண்டாம்.