மகன் பாக்கெட் தீனியாகவே வாங்கித் தின்கிறான், கைக்காசை நிறுத்திவிடலாமா?

மன்னார்குடிக்குப் பேருந்தில் போய் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளை என்கிறீர்கள். காசை நிறுத்தாதீர்கள். பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-இல் விதி வந்தது. ஆனால் அதைத் தாண்டினால் பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடை இருக்கிறதே, அங்கே முடிவெடுப்பது அவன்தான்.

அதனால் வீட்டிலேயே பழக்குங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமில் சோடியம் (உப்பில் இருப்பது) எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கலந்திருக்கும் பொருள்களில் எது அதிகமோ, அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும்.

அப்புறம், சாயங்காலம் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைக்கு வயிறு காந்தும். சம்பா அறுத்த வயலில் விளைகிற பச்சைப்பயறை அவித்து, தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்து டப்பாவில் கொடுங்கள். வாரம் ஒருநாள் அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். என்ன வாங்கினான் என்று கேளுங்கள், திட்ட வேண்டாம். திட்டினால் மறைத்துத் தின்பான்.