அவுட்லைன் எழுத்துரு: கேள்வி பதில்

கே: எழுபதுகளின் விண்வெளிப் பாணியில் அவுட்லைன் (விளிம்புக்கோடு மட்டும் தெரியும்) எழுத்துல தலைப்பு வேணும். தடிச்ச ஃபான்ட்ல ஃபில்லை (உள்நிறத்தை) எடுத்துட்டு ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) மட்டும் போட்டா போதாதா சார்?

ப: போதாது. ஸ்ட்ரோக் விளிம்புக்கு இருபுறமும் பாதிப்பாதியாகப் பரவும். 10 பாயின்ட் வைத்தால் 5 வெளியே போகும். எழுத்து பருத்துப் பக்கத்து எழுத்தை இடிக்கும். கோடு உள்பக்கமாகவே வளர வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாதையாக (கோட்டு வடிவமாக) மாற்றி, யூனியன் கொடுத்து ஒரே பாதையாக்குங்கள். நகலெடுத்து, அதற்கு ஆஃப்செட் பாதை விளைவை எதிர்மறை மதிப்பில் கொடுங்கள்; நகல் உள்பக்கமாகச் சுருங்கும். மூலை இணைப்பை மைட்டர் (கூர்முனை) என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில மூலைகள் மழுங்கும். நகலை மறுபடி பாதையாக்கி, இரண்டையும் தேர்ந்தெடுத்து டிஃபரன்ஸ் கொடுங்கள்; உள்வடிவம் வெட்டப்பட்டுக் கோடு மட்டும் மிஞ்சும்.

தொடங்கும் முன் கணக்குப் போடுங்கள். எழுத்து வரையும் 1000 அலகு சதுரத்தில் கோடு 30 அலகு என்றால், 72 பாயின்ட்டில் 2.16 பாயின்ட் வரும்; 12 பாயின்ட்டில் வெறும் 0.36. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக அச்சிட்டால் அதை மை அடைத்துவிடும்.

கே: ஃபான்ட்டா எக்ஸ்போர்ட் பண்ணினா எழுத்து முழுக்கக் கறுப்பா வருது.

ப: உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் சுற்றுவதால் நடுவும் நிரம்புகிறது. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் கரெக்ட் டைரக்‌ஷன் கொடுங்கள்.

கே: இலவசமா ஏதாவது?

ப: மோனோட்டான், கூகுள் ஃபான்ட்ஸில். 1931இல் ருடால்ஃப் கோக் வரைந்த பிரிஸ்மா எழுத்துருவின் வழி வந்தது. பெரிய அளவுக்கு மட்டும்.

கே: டேட்டா 70ஐ அவுட்லைனாக்கினேன், மெல்லிய பகுதியெல்லாம் அடைஞ்சு போச்சு. காசோலையில இருக்கிற அதே ஃபான்ட்தானே அது?

ப: இல்லை. காசோலையின் அடியில் இருப்பது ஈ-13பி, இயந்திரம் படிப்பதற்காகக் காந்த மையில் அச்சிடும் எழுத்துரு. நம் வங்கிக் காசோலையிலும் அதுதான். அதில் 10 எண்களும் 4 குறிகளும் மட்டுமே உண்டு, எழுத்தே கிடையாது. டேட்டா 70 அந்தச் சாயலில் 1970இல் லெட்ராசெட் என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக பாப் நியூமன் வரைந்த அலங்கார எழுத்து.

கே: மேலே டேட்டா 70 பத்திக் கேட்ட அதே ஆள்தான் சார். எண்கள் ஒண்ணுதானே? காந்த மையில அடிச்சா இயந்திரம் படிக்காதா?

ப: படிக்காது. ஈ-13பியில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பதே சமிக்ஞை. எண் இயந்திரத்தின் படிக்கும் தலையைக் கடக்கும்போது காந்த மையின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துத்தான் இயந்திரம் எண்ணை அறிகிறது. அதனால் தடிப்பு, அகலம், இடைவெளி எல்லாமே வரையறுக்கப்பட்டவை. டேட்டா 70இல் தடிப்பு கண்ணுக்காக வைத்தது. உங்கள் அடைப்புக்கும் அதுவே காரணம்: மெல்லிய தண்டில் (எழுத்தின் உடற்கோட்டில்) இரண்டு கோடுகளுக்கு இடமில்லை. தண்டு சீரான எழுத்தை எடுங்கள். யூரோஸ்டைல் போல்ட் நன்றாகத் தாங்கும். நெபியோலோ என்ற இத்தாலிய அச்செழுத்து நிறுவனத்துக்காக ஆல்டோ நோவரேசே 1962இல் வரைந்தது.

கே: ஸ்ட்ரோக் போட்டா எழுத்து ஒட்டிக்குது, ஏன்?

ப: முதல் பதில்.

கே: விசிட்டிங் கார்டுல 9 பாயின்ட்ல வைக்கலாமா?

ப: கூடாது. முதல் பதிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கே: தமிழ்ல இப்படிச் செய்ய முடியுமாண்ணா?

ப: முடியும், ‘ண’வை முதலில் வரைந்தால். தண்டு 120 அலகு, கோடு 30 என்றால் நடுவே 60தான் மிஞ்சும். மூன்று சுழி வரும் இடத்தில் தண்டுகளே நெருக்கும். ‘ண’வை அகலமாக்கி, சுழிகளுக்கு இடையே குறைந்தது அந்த 60ஐ விடுங்கள். பிறகு அதே தண்டில் ‘ட’, ‘ப’ வரையுங்கள். ‘ட’வில் தொடங்கினால் ‘ண’வுக்கு வரும்போது எல்லா எழுத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.