எலும்பு முறியவில்லை, ஆனாலும் வீக்கம் வற்றவில்லையே?

கேள்வி: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரே பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள். ஒரு மாதமாகியும் சாயங்காலமானால் கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்குகிறது. போன வருடம் கை முறிந்த என் மகனுக்கே ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா? (பெண், வயது 46)

பதில்: மகனோடு ஒப்பிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் கூடும். அதோடு, எலும்புக்கு ரத்த ஓட்டம் அதிகம். முறிந்த இடத்தில் கடைசியில் அசல் எலும்பே வளர்ந்துவிடும். உங்களுக்கு அடிபட்டது அநேகமாக ஜவ்வு, அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட். அது எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. கிழிந்த இடத்தைத் தழும்புத் திசுதான் நிரப்பும். லேசாக இழுபட்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தேவலையாகும். பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம். முழுக்க அறுந்திருந்தால் மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும். தசைப்பிடிப்பு, தசைக்கிழிவு எல்லாம் பெரும்பாலும் இதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும்.

அந்தத் தழும்பின் நார்கள் முதலில் தாறுமாறாகத்தான் கிடக்கும். காலுக்கு அளவாக வேலை கொடுத்தால்தான் இழுவிசையின் திசையில் வரிசையாகி உறுதிப்படும். அதனால் கட்டிலிலேயே கிடக்காதீர்கள். ஷூ போட்டுக்கொண்டு நடங்கள். மேடுபள்ளமான இடத்தில் கணுக்கால் உறையும் இருக்கட்டும்.

சுளுக்கு எடுப்பது? அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் நீவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டும். இப்போது எண்ணெய் தொட்டு லேசாக நீவினால் கெடுதல் இல்லை. ஆனால் காலைத் திருகிச் 'சொடக்' என்று இழுக்க விடாதீர்கள், ஆறிக்கொண்டிருக்கும் நார் மறுபடி கிழியலாம்.

களிம்பைவிட நான் நம்புவது ஒற்றைக்காலில் நிற்பதைத்தான். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் ஜவ்வில் உண்டு. அவையும் அடிபடுவதால்தான் பலருக்கு அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் 30 விநாடி நில்லுங்கள். பழகியதும் கையை எடுத்துவிடுங்கள். அப்புறம் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணு எலும்பின் பின்விளிம்பையோ, பாதத்தின் வெளியோர நடுவில் துருத்தியிருக்கும் எலும்பையோ அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? மூட்டுக்குள் ஏதாவது மாட்டிக்கொள்கிறதா, கால் திடீரென்று நழுவுகிறதா? எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். சில மெல்லிய விரிசல்கள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. இன்னும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றாலும் போங்கள், எம்ஆர்ஐ தேவைப்படலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே போய்விடுங்கள். அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதாக இருக்கலாம்.