டிராக் ஓடிவிட்டு அதே காரில் வீடு திரும்ப வேண்டுமா? முன் ஸ்ட்ரட் பற்றிய கேள்வி பதில்

1979 முதல் 1993 வரை ஃபோர்டு தயாரித்த மஸ்டாங் காரை, அதன் அடித்தளத்தின் பெயரால், ‘ஃபாக்ஸ்’ என்று அழைப்பார்கள். நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் பந்தயத்துக்கான அமெரிக்கத் தடங்களில் இன்றும் அதிகம் கண்ணில் படும் கார்களில் அது ஒன்று. 1990 மாடல் ஒன்றை ஓஹையோவில் பதினெட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வார நாட்களில் வேலைக்கும் சனிக்கிழமை தடத்துக்கும் அதில்தான் போகிறேன். இந்த முறை வந்த கேள்விகள் முழுவதும் முன் ஸ்ட்ரட்டை, அதாவது முன் சக்கரம் மேலும் கீழும் ஆடுவதை அடக்கும் தண்டைப் பற்றியவை.

கேள்வி: அண்ணா, கடையில் ‘90/10 ஸ்ட்ரட்’ என்கிறார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள்?

ஸ்ட்ரட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது. தண்டு உள்ளே அமுங்கும்போதும் வெளியே நீளும்போதும் அந்த எண்ணெய் தடுக்கிறது. மொத்தத் தடுப்பில் தொண்ணூறு பங்கு அமுங்கும் பக்கம், பத்துப் பங்கு மட்டும் நீளும் பக்கம் என்றால் அது 90/10. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காரின் மூக்கு தடையில்லாமல் எழும்பும், இறங்குவதற்கு நேரம் எடுக்கும். கியர் மாறும் நொடியில் வேகமெடுப்பு குறைந்தாலும் மூக்கு சட்டென்று விழாது, பின் டயரின் பிடி போகாது. 402 மீட்டர் நேர்கோட்டில் ஓட மட்டும் இது நல்ல ஏற்பாடு.

கேள்வி: முன்னால் ஸ்ட்ரட் மென்மையாக இருந்தால் பின் சக்கரத்துக்கு அதிக எடை போகும் என்கிறார்களே, எவ்வளவு போகும்?

பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எடை எவ்வளவு மாறும் என்பதை நிர்ணயிப்பவை காரின் எடை, வேகமெடுப்பு, ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆகியவைதான். கார் 1,450 கிலோ, ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், சக்கர இடைவெளி 2.55 மீட்டர், வேகமெடுப்பு புவியீர்ப்புக்குச் சமம் என்று வையுங்கள். ஏறத்தாழ 284 கிலோ பின்னால் போகும். எந்த ஸ்ட்ரட்டைப் போட்டாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மூக்கு பத்து சென்டிமீட்டர் எழும்பினால் ஈர்ப்பு மையம் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரும், அதனால் கூடுவது முப்பது கிலோ சொச்சம்.

ஸ்ட்ரட் ஆள்வது நேரத்தை. மூக்கு மேல்நோக்கி வேகம் பிடிக்கும் கணத்தில் டயர்கள் தரையில் கூடுதலாக அழுந்துகின்றன. அது உச்சிக்குப் போய் நிற்கும் கணத்தில் அந்தக் கூடுதல் அழுத்தம் மறைகிறது, நிற்பது திடீரென்று நடந்தால் டயர் லேசாகிச் சுழன்றுவிடும். புறப்பட்டு ஏழெட்டு மீட்டரில் டயர் கத்துகிற கார்களைக் கவனியுங்கள். பல சமயம், மூக்கு வேகமாக எழும்பி, ஸ்ட்ரட் முழுவதும் நீண்டு, ‘டக்’கென்று முட்டியிருக்கும். தடத்தில் சிறிது எண்ணெய் இருந்தது என்று அந்த ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே மூக்கு எழும்ப வேண்டும், ஆனால் மெதுவாக முடிய வேண்டும். குதிரைத்திறன் கூடக்கூட நீளும் பக்கத்தை இறுக்கத்தான் வேண்டியிருக்கும், தளர்த்த அல்ல.

கேள்வி: நான் 90/10 போட்டிருக்கிறேன். தடம் வீட்டிலிருந்து 70 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் படகு மாதிரி மிதக்கிறது. ஆபத்தா ஐயா?

ஆபத்துதான். சுற்றிவளைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்து மேடுகள் வரும்போது ஒவ்வொன்றிலும் மூக்கு சுலபமாக எழும்புகிறது, கீழே வர விடாமல் ஸ்ட்ரட் தடுக்கிறது. எழும்பிய நிலையில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி, முன் சக்கரங்கள் தாமாகவே லேசாகத் திரும்புகின்றன. அந்த நேரத்தில் யாராவது குறுக்கே வந்து நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டினால், உள்பக்க மூலையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, கார் அப்படியே சாயும். முன்னால் ஒடுக்கமான டிராக் டயரும் இருந்தால் பிரேக்கும் பாதிதான். குடும்பத்தோடு போகும் காரில் 90/10 வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் 70/30 வரை ஒத்துக்கொள்வேன்.

கேள்வி: அப்படியானால் எதை வாங்குவது? ஒற்றைத் திருகா, இரட்டைத் திருகா?

சாலையிலும் ஓடும் காருக்குத் திருகி மாற்றக்கூடிய ஸ்ட்ரட்தான் என் பதில். ஒற்றைத் திருகில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் திருகு இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றும், மற்றொன்றில் நீளும் பக்கத்தை மட்டும். வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஸ்ட்ரட் நீளும் பக்கத்தை மட்டும் மாற்றுவது. சாலையில் அருமையாக ஓடும், ஆனால் எவ்வளவு தளர்த்தினாலும் அது சாலை ஸ்ட்ரட்தான். ஸ்ட்ரேஞ்ச் நிறுவனத்தின் பத்து நிலை ஸ்ட்ரட் டிராக்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இரட்டைத் திருகு என்றால் அமுங்கும் பக்கத்துக்கும் நீளும் பக்கத்துக்கும் தனித்தனித் திருகு. வைக்கிங் நிறுவனத்தின் இரட்டைத் திருகில் பக்கத்துக்கு 19 நிலை, மொத்தம் 361 சேர்க்கை. குறிப்பேடு வைத்து எழுதும் பழக்கம் உள்ளவருக்கு அது வரம், மற்றவருக்குத் தலைவலி. 402 மீட்டரைப் பன்னிரண்டு நொடியில் ஓடும் காருக்கு ஒற்றைத் திருகே தாராளம்.

2005இல் தொடங்கிய ‘ஹாட் ராட் டிராக் வீக்’ போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாட்களில் தடம் தடமாக ஓடி, இடையில் ஏறத்தாழ ஆயிரம் மைல் அதே காரைச் சாலையில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டும்போதுதான் திருகின் அருமை தெரியும்.

கேள்வி: தேய்ந்துபோன பழைய ஸ்ட்ரட்டே இயற்கையான 90/10 என்று நண்பர் சொல்கிறார்.

தவறு தம்பி. தேய்ந்த ஸ்ட்ரட் இரண்டு பக்கமும் தடுக்காது. மூக்கு எழும்பும், அதே வேகத்தில் விழும், மீண்டும் எழும்பும். கழற்றிப் போடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டின் மேலேயே ஏற்றும் காயில்ஓவர் மாற்றம் செய்யலாமா?

ஃபாக்ஸ் காரில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மேல் இல்லை. சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்முக்கும் காரின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதாவது, காரின் எடை, ஸ்ட்ரட்டின் மேல்முனை பூட்டப்படும் பாடிப் பகுதியான ஸ்ட்ரட் டவரில் இறங்குவதில்லை. காயில்ஓவர் போட்டால் அந்த எடை முழுவதும் டவருக்குப் போகும். ஸ்ட்ரட்டின் மேல்முனையை டவரில் பிடிக்கும் தகடான கேம்பர் பிளேட் உறுதியாக இருப்பது கட்டாயம், துருப்பிடித்த டவராக இருந்தால் அந்த யோசனையையே விடுங்கள். எடை குறையும், உயரத்தை நினைத்தபடி வைக்கலாம் என்பவை உண்மையான லாபங்கள். ஆனால் முதல் செலவு இதுவாக இருக்கக் கூடாது.

கேள்வி: அண்ணா, நானே வீட்டு கராஜில் ஸ்ட்ரட்டை மாற்றப்போகிறேன். தனியாகத்தான் செய்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள் தங்கையே. ஸ்பிரிங் தனியாக இருப்பதால், லோயர் ஆர்ம் கீழே போகாமல் பிடித்திருப்பதே ஸ்ட்ரட்தான். கீழே உள்ள இரண்டு போல்ட்டை அப்படியே கழற்றினால் ஆர்ம் விழும், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வரும். என் முதல் காரில் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்திருந்தேன், ஆனால் ஓரமாக. இரண்டாவது போல்ட் பாதி வந்தபோது ஜாக்கி ஒரு விரல் அகலம் நகர்ந்தது. ஆர்ம் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கையை எடுத்திருந்ததால் விரல்கள் மிஞ்சின.

கார் ஸ்டாண்டின் மேல் நிற்கட்டும். ஜாக்கியை, ஆர்மின் சக்கரப்பக்க நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டை ஒட்டி, நேர் கீழே வைத்து, ஆர்ம் சற்றே எழும்பும்வரை ஏற்றுங்கள். அதன் பிறகே போல்ட்டைத் தொடுங்கள். மேல் நட்டைக் கழற்றும்போது தண்டு சேர்ந்து சுற்றினால், பளபளக்கும் அந்தத் தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் வடியும். நுனியில் சாவி பிடிக்க இடம் கொடுத்திருப்பார்கள். புதியதைப் பூட்டிய பின், சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்யாமல் சாலைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: நான்கு சிலிண்டர் மஸ்டாங்கின் முன் ஸ்பிரிங்கை வி8 காரில் போடலாமா?

போடுகிறார்கள், பலனும் இருக்கிறது. மென்மையான, உயரமான ஸ்பிரிங் அதிகமாக அமுங்கி நிற்கும், புறப்படும்போது மூக்கை நன்றாகத் தள்ளும். சாலையில் பிரேக் பிடித்தால் மூக்கு குனியும், அதைத் தாங்கும் அளவுக்கு ஸ்ட்ரட்டின் அமுங்கும் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் முன் ஸ்வே பாரைக் கழற்றிவிடலாமா?

தடத்தில் இணைப்பை மட்டும் கழற்றுங்கள். திரும்பும் முன் மாட்டுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரட் வந்துவிட்டது. தடத்தில் எந்த நிலையில் தொடங்குவது?

நடு நிலையில். முன் சக்கரத்துக்கு மேலே, பாடியில் ஒரு காகித டேப்பை மேலிருந்து கீழாக ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்தில் நின்று கைபேசியில் மெதுவியக்கமாகப் படம் பிடிக்கட்டும். மூக்கு எத்தனை கோடு எழும்பியது, எந்த இடத்தில் நின்றது, நின்றபோது பின் டயர் என்ன செய்தது என்று மூன்றையும் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் தடத்தில் தரும் நேரச் சீட்டில் முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர், எடுத்த நேரம் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும், கடைசி வேகத்தை அல்ல. ஒரு நேரத்தில் நீளும் பக்கத்தில் ஒரே ஒரு கிளிக், ஒவ்வொரு நிலையிலும் மூன்று ஓட்டம். டயர் காற்றழுத்தத்தை அந்த நேரத்தில் தொடாதீர்கள். நேரம் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் மறுபடி கூடும், அங்கிருந்து ஒரு கிளிக் பின்னால் வாருங்கள்.

அந்த எண்ணையும், சாலைக்கான எண்ணையும் பானட்டின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். என் காரில் 3 என்றும் 8 என்றும் எழுதியிருக்கிறது. கடைசி ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், முதல் வேலையாக இரண்டு டவரையும் எட்டுக்குத் திருகிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன்.