கேஸ் ஃபயர்பிளேஸ் இன்செர்ட்: பட்ஜெட் போடும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்?

கேள்வி: விறகு எரிக்கும் பழைய செங்கல் ஃபயர்பிளேஸுக்குள் கேஸ் இன்செர்ட் வைக்க நினைக்கிறோம். கடையில் ஒரு விலை சொல்கிறார்கள், பொருத்த வருபவர் அதைவிட மிக அதிகமாகச் சொல்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்:

இன்செர்ட் என்பது ஃபயர்பிளேஸுக்குள் நுழைத்து வைக்கும், கேஸில் எரியும் ஓர் உலோகப் பெட்டி. கடைக்காரர் சொல்வது பெட்டியின் விலை. பொருத்துபவர் சொல்வது அந்தப் பெட்டியின் புகை கூரைக்கு மேல் போய்ச் சேரவும், கேஸும் கரண்டும் அதனிடம் வந்து சேரவும் ஆகும் செலவு. பட்ஜெட் உதைப்பது இந்த இரண்டாவதில்தான். ஆகவே மாடல் பார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் சிம்னியையும் கேஸ் லைனையும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். முன்வாய் அகலம், உயரம், ஆழம், பின்சுவர் அகலம் என நான்கு அளவு வேண்டும். நாலாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செங்கல் ஃபயர்பிளேஸ் உள்ளே போகப் போகக் குறுகும். வாய் 36 அங்குலம் இருக்கும், பின்னால் 24தான் இருக்கும். பின்சுவரும் மேலே போகப் போக முன்னால் சாய்ந்து வரும். அதனால் ஆழத்தைத் தரையில் மட்டும் அளந்தால் போதாது, பெட்டியின் மேல்விளிம்பு வரும் உயரத்திலும் அளக்க வேண்டும். தவறினால் பெட்டி பாதி வழியில் முட்டி, முகப்பு சில அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டிக்கும் செங்கல் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடும் சர்ரவுண்ட் தகடு விலைக்குள் அடங்குமா, தனியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். உங்களுடையது செங்கல் அல்லாமல் தொழிற்சாலையில் செய்த தகர ஃபயர்பிளேஸாக இருந்தால், அதற்குள் இன்செர்ட் வைக்க அனுமதி உண்டா என்பதை உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளிலும் கையேட்டிலும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து புகை வழி. டைரக்ட் வென்ட் வகையில் சிம்னிக்குள் லைனர் எனப்படும் வளையும் அலுமினியக் குழாய்கள் இரண்டு இறங்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 3 அங்குலம். ஒன்றில் புகை மேலே போகும், இன்னொன்றில் வெளிக்காற்று கீழே வரும். 'ஏற்கெனவே சிம்னி இருக்கிறதே, லைனர் எதற்கு' என்று கேட்பவர்கள் நிறைய. விறகுக்காகக் கட்டிய அகலமான வழியில் கேஸ் புகை சட்டென்று ஆறிவிடும். அதில் இருக்கும் நீராவி சுவரில் தண்ணீராகப் படிந்து, அமிலத்தன்மையோடு சாந்தை அரிக்கும், புகையை மேலே இழுக்கும் இழுவையும் குறையும். லைனர் குறிப்பிட்ட நீளத்தில் செட்டாக வரும். இன்செர்ட்டின் தலையிலிருந்து சிம்னி உச்சி வரை அளந்து, வளைவுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உச்சியில் வரும் மூடி, அதன் அடித்தகடு ஆகியவையும் கொட்டேஷனில் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு, இரண்டு லைனர்களையும் மேலே மாற்றி மாட்டிவிடுவது. பற்றவைத்ததும் நன்றாக எரியும், சில நிமிடத்தில் தீ சோர்ந்து அணையும். அப்புறம் யூனிட் கோளாறு என்று சொல்லி உதிரிபாகம் மாற்றச் சொல்வார்கள். இறக்குவதற்கு முன் புகை லைனரின் இரு முனையிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது.

லைனருக்கு முன் சிம்னியைச் சுத்தம் செய்ய வேண்டும். புகை வழியைத் திறந்து மூடும் தகடான டாம்பரைக் கழற்றவோ, திறந்த நிலையில் பூட்டவோ வேண்டும். உச்சிப் பூச்சில் விரிசலோ தளர்ந்த செங்கலோ இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். அந்தச் செலவு சுத்தம் செய்து பார்த்த பிறகுதான் தெரியும், அதனால் எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கும் பணத்தை இங்கேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் லைனில் பலரும் தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள், கொள்ளளவை மறந்துவிடுகிறார்கள். அரை அங்குல இரும்புக் குழாய் 50 அடி தூரத்துக்குக் குறைந்த அழுத்த இயற்கை எரிவாயுவைக் கொண்டுபோனால், மணிக்கு ஏறக்குறைய 72,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும். இன்செர்ட் 30,000, வாட்டர் ஹீட்டர் 40,000, அடுப்பும் ஓவனும் சேர்ந்து 50,000 என்றால் மொத்தம் 1,20,000. மூன்றும் ஒரே குழாயில் தொங்கினால், யாராவது குளிக்கப் போகும்போது தீ சுருங்கிவிடும். தீர்வு மீட்டரிலிருந்து தனி லைன், அல்லது பெரிய குழாய். இரண்டுமே சுவர் உடைக்கும் வேலை. பூச்சு, பெயின்ட் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் புரொப்பேன் என்றால் கணக்கு வேறு. 30,000 பிடியு இன்செர்ட் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 0.63 கிலோ தின்னும், அதாவது 10 கிலோ 16 மணி நேரத்துக்குத்தான் வரும். குளிரில் ஒற்றைச் சிறு சிலிண்டரில் திரவம் வேகமாக ஆவியாகாது, அழுத்தம் விழும். ஆகவே பெரிய டேங்க் அல்லது இணைத்த சிலிண்டர்கள் வேண்டும். யூனிட் எந்தக் கேஸுக்கு என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். இயற்கை எரிவாயுவுக்கான ஆரிஃபிஸோடு (கேஸ் வெளிவரும் சிறு துளை) புரொப்பேன் கொடுத்தால் தீ அளவுக்கு மீறி எரிந்து கண்ணாடி முழுக்கக் கரி பிடிக்கும்.

மின்சாரம் சின்ன வேலை, ஆனால் மறந்துபோகும். சூட்டை அறைக்குள் தள்ளும் ஃபேனுக்கு ஃபயர்பிளேஸ் அருகே ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். கரண்ட் போனாலும் எரிய வேண்டுமென்றால் பேட்டரி வசதியுள்ள பற்றவைப்பு இருக்கிறதா பாருங்கள். மேலே மர அலமாரியோ டிவியோ இருந்தால் கையேட்டில் சொன்ன இடைவெளி கிடைக்குமா என்று அளந்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமா? ரிமோட், உள்சுவர் அலங்காரத் தகடு, விலையுயர்ந்த போலி விறகுக்கட்டைகள், இவற்றில் கைவையுங்கள். லைனர், மூடி, குழாய், அனுமதிக் கட்டணம், கேஸ் லைனின் அழுத்தச் சோதனை ஆகியவற்றில் வேண்டாம். 'சிம்னியே தேவையில்லை' என்று விற்கும் வென்ட் இல்லாத வகை வாங்கும்போது மலிவுதான். ஆனால் 30,000 பிடியு எரியும்போது மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே இறங்கும். சில இடங்களில் அதற்கு அனுமதியே கிடையாது. என் சிபாரிசு டைரக்ட் வென்ட்தான். எந்த வகையானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் வருடாந்திர சர்வீஸையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது நேரில் வந்து பார்க்காதவரிடம் வாங்காதீர்கள். 'இதில் அடங்காதவை' என்று கீழே தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த வரிகளைத்தான். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லா கேஸ் சாதனங்களையும் ஒன்றாக ஓடவிட்டு அரை மணி நேரம் இன்செர்ட்டை எரித்துப் பாருங்கள். முதல் தடவை பெயின்ட் சூடேறி நாற்றம் வரும், அது கோளாறு இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.