குஜாரி என்பது குஜராத்தியின் வட்டார வழக்கா? யார் பேசுகிறார்கள், இன்று எந்த நிலையில் இருக்கிறது?

இல்லை. பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் அது. குஜாரியை, பேசுகிறவர்கள் வாக்கில் 'கோஜ்ரி'யை, இமயமலைச் சரிவுகளில் எருமை மேய்க்கும் குஜ்ஜர்களும் ஆடு மேய்க்கும் பக்கர்வால்களும் பேசுகிறார்கள். சுற்றிலும் காஷ்மீரியும் டோக்ரியும் பஹாடியும் இருந்தாலும், இதன் இலக்கணம் ராஜஸ்தானி வகையைச் சேர்ந்தது. மேவாத்தி, மேவாரிக்குத்தான் நெருங்கிய உறவு. மொழியறிஞர் கிரியர்சன் தம் இந்திய மொழிக் கணக்கெடுப்பில் 1916லேயே இந்த உறவைப் பதிவு செய்துவிட்டார்.

காதில் விழுவது குஜாரிதானா என்று பார்க்க, நம் 'உடைய' வர வேண்டிய இடத்தைக் கவனியுங்கள். இந்தியில் 'கா', பஞ்சாபியில் 'தா', குஜராத்தியில் 'நோ', குஜாரியில் 'கோ'. அடுத்தது ஆண்பால் பெயர்களின் ஈறு. குதிரைக்கு இந்தியில் 'கோடா', குஜாரியில் 'கோடோ'. இந்தி தெரிந்தவர்கள் தடுமாறுவது பன்மையில்தான்: குஜாரிக்காரர் 'கோடா' என்றால் பல குதிரைகள். இந்திக் காதுக்கு அது ஒரே குதிரை! ஜம்மு காஷ்மீர் வழக்கில் பஞ்சாபியைப் போலச் சுர வேறுபாடும், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருள் மாறுவதும், உண்டு. எழுத்தில் மூச்சொலியோடு இருக்கும் 'கோடோ'வின் முதலெழுத்து, பேச்சில் மூச்சை இழந்து தாழ்ந்த சுரமாகிவிடும்.

குஜ்ஜர் என்ற சமூகப் பெயரை வைத்துப் பேசுபவர்களை எண்ணினால் கணக்கு தப்பும். ராஜஸ்தான், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேசக் குஜ்ஜர்கள் அந்தந்த ஊர் மொழியையே பேசுகிறார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ளவர்களுக்குப் பஞ்சாபிதான். மொழி நிலைத்திருப்பது மலையில்: பூஞ்ச், ரஜௌரி, ரியாசி, குப்வாரா, ஹிமாசலத்தில் சம்பா, உத்தராகண்டின் வன குஜ்ஜர்கள், எல்லைக்கு அப்பால் ஆசாத் காஷ்மீர், ஹசாரா, ஸ்வாத், சித்ரால், இன்னும் மேற்கே ஆப்கானிஸ்தானின் குனார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மொழிப் பட்டியலில் தேடினால் தனியாகக் கிடைக்காது. தாய்மொழிப் பட்டியலை எடுத்து, இந்தியின் கீழ்ப் பார்க்க வேண்டும். இந்த வகைப்பாடே தவறு என்பது என் உறுதியான கருத்து.

வழக்குகளைப் பொதுவாகக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பார்கள். கிழக்கில் பஞ்சாபி, பஹாடி, காஷ்மீரிச் சொற்கள் மிகுதி, மேற்கில் பஷ்தோ.

எழுதுவது உருது எழுத்தில். இங்கே ஒரு சிக்கல், தமிழருக்குச் சட்டென்று புரியும்: குஜாரியில் நம் ணகரமும் ளகரமும் உண்டு, உருதுவில் இரண்டுக்கும் எழுத்து இல்லை. உருதுவின் நகர எழுத்தான நூன் மேலும் லகர எழுத்தான லாம் மேலும், சிறிய 'தோயே' என்ற எழுத்தைப் போட்டு எழுதலாம். அந்த நூன் யூனிகோடில் 2005இல் வந்தது. அந்த லாம் 2020இல்தான். பழைய எழுத்துருவில் வெறும் கட்டம் தெரியும். அதனால் பலர் சாதாரண நூனையும் லாமையும் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் மொழி கேட்டு வளர்ந்தவர் சரியாக வாசித்துவிடுவார். பள்ளி உருது மட்டும் படித்த பிள்ளை ன, ல என்றே வாசிக்கும்.

ஜம்மு காஷ்மீர் கலை, பண்பாடு, மொழிகள் அகாதமியில் கோஜ்ரிப் பிரிவு இயங்குகிறது, 'ஷீராசா' இதழும் கோஜ்ரியில் வருகிறது. வானொலியிலும் கேட்கலாம். ஆனால் 2020ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உருது, ஆங்கிலம், காஷ்மீரி, டோக்ரி, இந்தி ஐந்தை மட்டும் ஏற்றது. கோஜ்ரியை வளர்க்க ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நின்றுவிட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் இடமில்லை. மேய்ச்சலை விட்டு நகரத்தில் குடியேறும் குடும்பங்களில் பிள்ளைகளோடு பேசுவது உருதுவாக மாறுவதுதான் இதைவிடப் பெரிய இழப்பு.

சொல் சேகரிக்கப் போகிறவர்கள் ஒலிப்பதிவில் ஒரே ஊர்ப் பெயரை எழுதி நிறுத்திவிட வேண்டாம். வசந்தத்தில் மேலே ஏறி இலையுதிர் காலத்தில் கீழே இறங்கும் குடும்பங்கள் இவை. குளிர்காலத் தங்குமிடம், கோடைக்கால 'டோக்' (மலை மேய்ச்சல் தங்குமிடம்) இரண்டையும் குறியுங்கள். கோடையில் மட்டும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இருப்பவரின் பேச்சு ரஜௌரி வழக்காக இருக்கலாம். இடத்தை மட்டும் பார்த்தால் அது பள்ளத்தாக்கு வழக்கென்று பதிவாகிவிடும்.